கலர் கலராய் ஒரு பாதாள சாக்கடை வரைபடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு மும்பையில் ஒரு வங்கியில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஆள். பாதாள சாக்கடையைப் பற்றிப் பேச உனக்கென்னய்யா தகுதி என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தகுதிதான். எது கணக்குப் புத்தகம், எது சுவரில் மாட்டும் காலண்டர் படம் என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே இருபது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். நகராட்சிகளுக்காக எழுதப்படும் சாக்கடை வரைபட மென்பொருள்களில் நான் பார்த்தவை எல்லாம் காலண்டர் படம் ரகம். அதைத் திட்டத்தான் இந்தப் பதிவு. காலையில் காப்பி குடித்துக்கொண்டே படிப்பவர்கள் காப்பியை முடித்துவிட்டு வாருங்கள் :-)

ஜிஐஎஸ் என்றதும் பயப்பட வேண்டாம். கூகுள் மேப்பில் ஓட்டல் தேடுகிறோமே, அந்தச் சங்கதிதான். ரோடு ஒரு அடுக்கு, வீடுகள் ஒரு அடுக்கு, குடிநீர்க் குழாய் ஒரு அடுக்கு, பாதாள சாக்கடை ஒரு அடுக்கு. எந்தக் கோட்டைத் தொட்டாலும் அதன் ஜாதகம் திறக்கும். விட்டம் எவ்வளவு, கல் குழாயா சிமெண்ட் குழாயா, எந்த வருஷம் போட்டது, எல்லாம் வரும். வர வேண்டும்.

குடிநீருக்கும் சாக்கடைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. குடிநீரை அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிறார்கள். சாக்கடை பெரும்பாலும் சரிவில் தானாக ஓட வேண்டும். ஆகவே ஒவ்வொரு மேன்ஹோலிலும் குழாயின் அடிப்பாகம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் உயிர்நாடி. இன்வெர்ட் லெவல் என்பார்கள். இரண்டு மேன்ஹோலின் மட்டமும் நடுவில் உள்ள தூரமும் தெரிந்தால் சரிவு தெரியும். சரிவும் விட்டமும் தெரிந்தால் வேகத்தைக் கணக்குப் போடலாம். உச்ச நேர ஓட்டத்தில் விநாடிக்கு 0.6 மீட்டராவது வேகம் வேண்டும் என்கிறது மத்திய அரசின் சிபிஹெச்இஇஓ கையேடு. அதற்குக் கீழே போனால் மண்ணும் கசடும் அடியில் படியும். படிந்தால் அடைக்கும். அடைத்தால் யாரையாவது கூப்பிடுவார்கள். வருகிறவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்குவார்.

ஆக, வரைபடத்தில் ஒரு எண் விடுபட்டால் அதன் விலை எங்கே போய் முடிகிறது என்று பார்த்தீர்களா? மட்டம் இல்லாத சாக்கடை வரைபடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது.

காசு இல்லை, அனுமதி இல்லை என்று இனிமேல் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2015ல் அம்ருத் திட்டம் வந்தபோதே 500 நகரங்களுக்கு ஜிஐஎஸ் அடிப்படையில் மாஸ்டர் பிளான் போட ஒரு துணைத் திட்டம் வந்தது. 2021 பிப்ரவரியில் வரைபடம் தயாரிப்பதற்கான பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். அதே வருஷம் அக்டோபரில் அம்ருத் 2.0 வந்தது. 2023 மார்ச்சில் பிரதமர் கையால் ஒரு ஆப் வெளியானது. ரோட்டைத் தோண்டுவதற்கு முன் அடியில் யாருடைய கேபிள், யாருடைய குழாய் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் தோண்டுவதற்காக. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஃபைபர் கேபிள் அறுந்துவிடக் கூடாதே என்று கவலைப்படும் தேசம், மேன்ஹோலுக்குள் போகிற ஆளுக்காக அந்த அளவு கவலைப்பட்டதா என்பதுதான் கேள்வி.

கடன் கேட்டு வந்த ஒரு சின்னக் கம்பெனி தன் மென்பொருளைப் போட்டுக் காட்டியது. பெயர் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. எங்கோ ஒரு நகராட்சிக்காகச் செய்தது. அசந்து போனேன். நீலக் கோடு, சிவப்புக் கோடு, மஞ்சள் புள்ளி... பெரிதாக்கினால் ஒவ்வொரு சந்தும் தெரிகிறது. முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். கமிஷனர் ரூமில் பெரிய திரையில் ஓடுமாம்.

மூன்று கேள்வி கேட்டேன். இந்தக் கோட்டை யாராவது நேரில் போய்ப் பார்த்து வரைந்தார்களா, அனுமானமா? "பழைய டிராயிங்கை ஸ்கேன் பண்ணி ஏத்தினது சார்." நாளைக்கு இந்தக் குழாயை மாற்றினால் இங்கே யார் திருத்துவார்கள்? "அது ஏஎம்சி போட்டா வரும் சார்." ஒரு ஆள் மேன்ஹோலுக்குள் இறங்கினால் அது இதில் எங்கே பதிவாகும்? அந்தப் பையன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு சொன்னான், "அந்த ரிக்வயர்மெண்ட் டெண்டர்ல இல்ல சார்."

பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கேட்டதைச் செய்து கொடுத்திருக்கிறான். டெண்டரில் இல்லை என்ற அந்த வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் அந்த ஆள் வேறு எதிலுமே இல்லை. மஸ்டர் ரோலில் இல்லை, பி.எஃப். கணக்கில் இல்லை, ஒப்பந்தக்காரரின் பில்லில் "அடைப்பு நீக்கம்" என்று ஒரு வரியாக மட்டும் இருக்கிறார். இத்தனைக்கும் பல ஊர்களில் உண்மையான வரைபடம் இருப்பது அவர் தலைக்குள்தான். எந்தக் குழி எதோடு சேருகிறது, எந்த மூடி தார் ரோட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, எந்தக் குழியில் மூடியைத் திறந்தவுடன் நாற்றம் மண்டைக்கு ஏறும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்கள் 377 பேர். இது நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன எண். 2022ல் சொன்ன முந்தைய ஐந்தாண்டுக் கணக்கு 347. அதில் சுமார் 40 சதவீதம் உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு, டெல்லி என்ற மூன்றே இடங்களில். ஊரை விட்டு வந்து உட்கார்ந்துகொண்டு வடக்கத்திக்காரனைக் குறை சொல்லும் நம்மவர்கள் அந்த நடுப் பெயரை இன்னொரு தரம் படிக்கவும்.

இன்னொன்று. 2022, 2023 ஆண்டுகளில் நடந்த 54 சாவுகளை எடுத்து ஒரு சமூகத் தணிக்கை நடந்தது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். 54ல் 49 பேருக்கு எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இல்லை. 38 பேர் தனிப்பட்ட முறையில் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள். அதாவது அரசாங்கமோ கம்பெனியோ அல்ல, யாரோ ஒருவர் "வாப்பா, தொட்டி நிரம்பிடுச்சு" என்று கூப்பிட்டுப் போனவர்கள். அந்த யாரோ ஒருவர் யார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993ல் ஒன்று, 2013ல் இன்னொன்று. 2013 சட்டத்தின் 7வது பிரிவுப்படி, தனி ஆளோ நகராட்சியோ ஏஜென்சியோ, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014ல் உச்ச நீதிமன்றம் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு நகரங்களில் ஆள் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்தச் சொன்னது.

வங்கிக்காரன் புத்தியில் பார்த்தால், பதிவில்லாமல் ஒரு ஆள் உள்ளே இறங்கும் ஒவ்வொரு தடவையும் நகராட்சியின் தலையில் 30 லட்ச ரூபாய்ப் பொறுப்பு ஏறுகிறது. கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி. புத்தகத்தில் ஏற்றாமல் ஒரு வங்கி மேலாளர் யாருக்காவது 30 லட்சத்துக்கு கேரண்டி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? அன்று மாலையே சஸ்பென்ஷன். இங்கே உயிரையே அப்படி எழுதிக் கொடுக்கிறார்கள், ஒருத்தரும் ஏனென்று கேட்பதில்லை.

சரி, திட்டிவிட்டுப் போய்விட்டால் போதுமா? மென்பொருளில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு பி.காம்.காரனின் பட்டியல். இஞ்சினியர்கள் திருத்தலாம்.

1. ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் ஒரு எண். கணக்கு எண் மாதிரி. "பிள்ளையார் கோயில் எதிரில்" என்பது முகவரி ஆகாது. அந்த எண் மூடியில் அல்ல, சட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். மூடி களவு போகும், மாறும்.

2. பார்த்ததா, கேட்டதா என்ற குறிப்பு. வங்கியில் விவரம் தெரியாத பணத்தை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம், வாடிக்கையாளர் கணக்கில் போட மாட்டோம். அதேபோல நேரில் அளந்த குழாய் முழுக் கோடு, பழைய டிராயிங்கை நம்பிப் போட்டது புள்ளிக் கோடு. அளந்த தேதியும் வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக் குழாய்கள் இன்னும் ஓடும் ஊர்களில் புள்ளிக் கோடுதான் அதிகம் இருக்கும். இருக்கட்டும். பொய்யான முழுக் கோட்டை விட நேர்மையான புள்ளிக் கோடு மேல்.

3. திருத்தாமல் வேலை முடியக் கூடாது. புகார் வந்தால் வேலைச்சீட்டு. அதை மூட வேண்டுமானால் என்ன இயந்திரம் போனது, எவ்வளவு கசடு வந்தது, ஆழம் படத்தில் உள்ளபடி இருந்ததா என்று களத்தில் இருந்தவர் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். நாங்கள் மேக்கர், செக்கர் என்போம். நாள் முடிவில் கணக்கு நேராகாமல் கிளையைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. இங்கேயும் அப்படி இருந்தால், ஐந்து வருஷத்தில் புள்ளிக் கோடுகள் தானாக முழுக் கோடுகளாகிவிடும். தனியாக சர்வே டெண்டரே வேண்டாம்.

4. திரும்பத் திரும்ப அடைக்கும் குழி தானாகச் சிவப்பாக வேண்டும். கடனைக் கட்ட முடியாதவருக்குப் புதுக் கடன் கொடுத்துப் பழைய கடனை அடைத்ததாகக் காட்டுவது வங்கியில் பெரிய குற்றம். எவர்கிரீனிங் என்பார்கள். ஒரே மேன்ஹோலுக்கு வருஷத்தில் எட்டுத் தடவை ஆள் அனுப்பி எட்டுத் தடவையும் "புகார் தீர்க்கப்பட்டது" என்று மூடுவதும் அதேதான். அந்தக் குழாய் வாராக் கடன். தோண்டி மாற்று.

5. ஆள் இறங்குவது தனிப் பரிவர்த்தனையாக இருக்க வேண்டும். இதுதான் முக்கியம். 2013 சட்டத்தின் விதிகளிலேயே சில விதிவிலக்குகள் உண்டு. பழைய குழாயோடு புதுக் குழாயை இணைப்பது, கிணற்றடியில் இருக்கும் பம்பை எடுப்பது, இந்த மாதிரி. கடைசியாக ஒன்று: வேறு வழியே இல்லையென்றால், உள்ளாட்சியின் தலைமை அதிகாரி குறிப்பிட்ட காரணத்தை எழுதி வைத்து அனுமதி தர வேண்டும். எழுதி வைத்து! அந்த எழுத்து எங்கே இருக்கிறது? மென்பொருளில் இருக்கட்டும். எந்தக் குழி, இறங்குபவர் பெயர், காரணம், வாயு அளந்த ரீடிங், அனுமதித்த அதிகாரியின் லாகின். என் வரம்புக்கு மேல் ஒரு ரூபாய் கடனை என் லாகினில் அனுமதிக்க முடியாது. கம்ப்யூட்டர் மறுத்துவிடும். வார்டு மேஸ்திரி சொன்னார் என்று ஒரு மனிதனை இறக்கவும் கம்ப்யூட்டர் மறுக்க வேண்டும்.

6. கழிவுநீர்த் தொட்டிகளும் படத்தில் வர வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நகர வீடுகளில் பாதாள சாக்கடை இணைப்பு உள்ளவை 32.7 சதவீதம். தொட்டி வைத்திருப்பவை 38.2 சதவீதம். பெரிய பங்கை விட்டுவிட்டுப் படம் போட்டால் அது யாருக்கான படம்?

7. தரவு நகராட்சியின் சொத்து. ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் பொதுவான வடிவில் எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். சாவி கம்பெனியிடமும் பூட்டு நகராட்சியிடமும் இருப்பது நல்ல ஏற்பாடு அல்ல.

இதற்கு வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும்.

"முதலில் படமாவது வரட்டும் சார், மற்றதைப் பிறகு சேர்த்துக்கலாம்." கோர் பேங்கிங் வந்தபோது பழைய லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய ராத்திரிகளில் நானும் இருந்தேன். அன்று விட்ட காலம் விட்டதுதான். பிறகு சேர்க்கிறோம் என்ற எதையும் யாரும் சேர்ப்பதில்லை.

"அதான் ரோபோ வந்துவிட்டதே." வந்தது. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் மேன்ஹோலில் சிக்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஒரு ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு கேரளத்து இளைஞர்கள் பண்டிகூட் என்ற ரோபோவைச் செய்தார்கள். 2018ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. ஆனால் எந்த ரோபோவுக்கும் ஜெட்டிங் லாரிக்கும் குழி எங்கே, எவ்வளவு ஆழம், அந்தச் சந்துக்குள் வண்டி நுழையுமா என்று யாராவது சொல்ல வேண்டுமே? சந்தின் அகலம் படத்தில் இல்லையென்றால் லாரி மெயின் ரோட்டிலேயே நிற்கும். சந்துக்குள் மனிதன்தான் போவான்.

"ரொம்பச் செலவாகும்." க்யூஜிஐஎஸ் இலவசம். அதன் பின்னால் ஓடும் போஸ்ட்ஜிஐஎஸ் இலவசம். சாக்கடை ஓட்டத்தைக் கணக்கிடும் அமெரிக்க அரசின் ஸ்வம் நிரலும் இலவசம். செலவாவது நேரில் போய் அளக்கும் கூலிக்குத்தான். முப்பரிமாணப் படத்துக்குக் கொடுப்பதை அங்கே கொடுங்கள்.

"அவங்களுக்கு ஃபோன்ல பதியத் தெரியுமா?" இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. டீக்கடையில் யுபிஐயில் காசு அனுப்பத் தெரிந்தவருக்கு ஒரு போட்டோ எடுத்து "ஆழம் பன்னிரண்டு அடி" என்று குரலில் சொல்லத் தெரியாதா? தெரியாதது அவருக்கல்ல, அவரிடம் கேட்க நமக்குத்தான்.

நான் இருக்கும் ஊரிலேயே பார்த்தேன். 2017 ஆகஸ்ட் 29 மழையில், திறந்து கிடந்த ஒரு மேன்ஹோலில் மூத்த மருத்துவர் ஒருவர் விழுந்து, இரண்டு நாள் கழித்து வொர்லியில் உடலாகக் கிடைத்தார். ஊரே பதறியது. பதற வேண்டியதுதான். மூடிக்கு அடியில் கம்பி வலை போடு என்று கோர்ட்டு வரை பேச்சு நடந்தது. தவறி விழுந்தவருக்காகப் பதறத் தெரிந்த நமக்கு, தினம் கூலிக்காக இறங்குபவர் செத்தால் உள்பக்கத்தில் நாலு வரி போதுமானதாக இருக்கிறது. இதற்குக் காரணம் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. இறந்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இதை ஏன் இங்கே, நம்மவர்களிடம் எழுதுகிறேன்? இரண்டு காரணம்.

ஒன்று, இந்த மென்பொருளை எழுதுவது யாரோ இல்லை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புனேயிலும் இருக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள்தான். டெண்டரில் இல்லை என்று சொல்லும் நாற்காலியில் நாளை உங்கள் மகளோ மருமகனோ உட்காரலாம். டேபிளில் ஒரு காலம் சேர்க்க அரை மணி நேரம் ஆகுமா? சேர்த்துவிட்டுச் சொல்லட்டும், "சார், சட்டத்தில் இருக்கு, அதனால வச்சிருக்கேன்" என்று. எடுக்கச் சொல்பவர் எழுத்தில் எடுக்கச் சொல்லட்டும். பார்க்கலாம்.

இரண்டு, அந்த 38 பேர். தனிப்பட்ட முறையில் அவர்களைக் கூப்பிட்ட "யாரோ ஒருவர்" எங்கிருந்து வருகிறார்? வீட்டுக்காரர், ஓட்டல்காரர், நம்மைப் போல ஒரு ஹவுசிங் சொசைட்டி செயலாளர். மழைக்கு முன்னால் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், யார் குறைந்த ரேட் என்று நம் வாட்ஸ்அப் குழுவில்தானே பேச்சு நடக்கிறது? சட்டத்தில் தனி ஆள் என்று எழுதியிருப்பது நம்மையும் சேர்த்துத்தான்.

அடுத்த பொதுக்குழுவில், பார்க்கிங் சண்டை ஆரம்பிப்பதற்கு முன்னால், மூன்று விஷயத்தைத் தீர்மானமாகப் போடுங்கள். நம் தொட்டி எங்கே, எத்தனை அடி ஆழம், கடைசியாக எப்போது எடுத்தது என்று ஒரு தாளில் வரைந்து ஆபீசில் ஒட்ட வேண்டும். இயந்திர வண்டி வைத்திருப்பவருக்கு மட்டுமே வேலை. யார் சொன்னாலும், என்ன அவசரமானாலும், ஆள் உள்ளே இறங்கக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து சாவது அதனால்தான். வாட்ச்மேனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சந்தேகம் இருந்தால் 14420 என்ற உதவி எண் இருக்கிறது.

நகராட்சி தன் கோடிகளைச் செலவழித்து உருப்படியான படம் போடுகிறதோ இல்லையோ, நம் காம்பவுண்டுக்குள் இருக்கும் குழிக்கு நாம் ஒரு படம் போட முடியும். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு டேப். செலவு பத்து ரூபாய். உங்கள் சொசைட்டியில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.